நாலு மூலையில் பிடித்த வேட்டி: ட்ரை வாஷ் கடையிலிருந்து ஒரு கேள்வி

இந்த வாரக் கடிதம் 26 வயது வாசகி ஒருவருடையது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

பி.எஸ்சி. வேதியியல் முடித்தவர், இப்போது அப்பாவோடு சேர்ந்து ட்ரை வாஷ் கடையை நடத்துகிறார். தாத்தா ஆரம்பித்த கடை. பட்டுப்புடவையும் கல்யாணக் கோட்டும்தான் அதிகம் வருகின்றன. துவைப்பது எம்.டி.ஓ.வில், அதாவது மினரல் டர்பன்டைன் என்னும் பெட்ரோலிய எண்ணெயில். அசையாத கறைக்குக் கேனில் கொஞ்சம் பெட்ரோல் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் பின்கட்டில் தாத்தா காலத்து 'சி.டி.சி.' டின், அதாவது கார்பன் டெட்ராகுளோரைடு. இன்னும் பாதி மிச்சம் இருக்கிறதாம். ஒரு வியாபாரி, 'பெர்க்' என்னும் பெர்குளோரோஎத்திலீன் கரைப்பானில் துவைக்கும் பழைய மிஷினைப் பாதி விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார். அப்பாவுக்கு ஆசை, மகளுக்குப் பயம்.

பயத்துக்கு அவர் சொல்லும் காரணம் இது: "கார்பன்–குளோரின் பிணைப்பு முனைவுள்ளது, அதாவது ஒரு முனையில் கொஞ்சம் நேர் மின்சுமையும் மறுமுனையில் எதிர் மின்சுமையும் கொண்டது என்று படித்திருக்கிறேன். பெர்க்கில் அந்தப் பிணைப்பு நான்கு. அப்படியானால் அது தண்ணீர் மாதிரி, ஏன், அதைவிட மோசமாகப் பட்டைச் சுருக்கிவிடாதா? அப்பா கேட்டுவிட்டு, 'அது எண்ணெய் ஜாதிம்மா' என்று சிரிக்கிறார்." வியாபாரியோ, "முனைவே இல்லாத கெமிக்கல், உடம்பில் ஒட்டவே ஒட்டாது" என்கிறாராம். இதற்கு நடுவில், கடையில் 15 வருஷமாக வேலை பார்க்கும் அண்ணன் ஒருவருக்குச் சாயங்காலமானால் தலைவலி, கிறுகிறுப்பு. யார் சொல்வது சரி, மிஷினை வாங்கலாமா, அண்ணனுக்கு என்ன செய்வது என்று கேட்கிறார். பின்குறிப்பாக ஒரு மஞ்சள் கறை பற்றியும் கேட்டிருக்கிறார். அதைக் கடைசியில் பார்ப்போம்.

அன்புள்ள வாசகிக்கு,

நான் கரைப்பான் தொழிற்சாலைகளில் வேதியியலாளனாக இருந்து, இப்போது தொழிலகப் பாதுகாப்பு ஆலோசனை சொல்கிறவன். முதலில் வழக்கை முடித்துவிடுகிறேன். பட்டு விஷயத்தில் உங்கள் அப்பா சொல்வது சரி. உடம்பு விஷயத்தில் வியாபாரி சொல்வது தப்பு. நீங்கள் தொடங்கிய இடம் சரி, பாதி வழியில் நின்றுவிட்டீர்கள்.

கார்பன்–குளோரின் பிணைப்பு முனைவுள்ளதுதான். லினஸ் பாலிங் 1932-இல் போட்டுத்தந்த எலக்ட்ரான் கவர்தன்மை அளவுகோலில், இன்று நாம் பயன்படுத்தும் மதிப்புப்படி, கார்பனுக்கு 2.55, குளோரினுக்கு 3.16. எலக்ட்ரான்கள் குளோரின் பக்கம் சாய்கின்றன. குளோரின் முனையில் கொஞ்சம் எதிர் மின்சுமை, கார்பன் முனையில் கொஞ்சம் நேர் மின்சுமை. இதுவரை உங்களுக்கு முழு மதிப்பெண். ஆனால் இந்தச் சாய்வுக்கு அளவு மட்டுமல்ல, திசையும் உண்டு. திசை உள்ளவற்றை எண்ணிக் கூட்ட முடியாது. எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

வேட்டியை நாலு பேர் பிடித்தால்

உங்கள் கடையிலேயே இதைப் பார்க்கலாம். துவைத்த வேட்டியை நாலு பேர் நாலு மூலையில் பிடித்து, சம பலத்தில் விறைப்பாக இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கையிலும் இழுப்பு இருக்கிறது, துணி முறுக்கேறி நிற்கிறது. ஆனால் வேட்டி எந்தப் பக்கமும் நகராது. பெர்க் மூலக்கூறு கிட்டத்தட்ட இந்த வேட்டிதான். நடுவில் இரட்டைப் பிணைப்பில் இரண்டு கார்பன், நாலு மூலையிலும் குளோரின், எல்லாம் ஒரே தளத்தில், தட்டையாக. நாலு இழுப்பும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் மொத்தச் சாய்வு, அதாவது இருமுனைத் திருப்புத்திறன், பூஜ்யம்.

ஒரு மூலையில் இருப்பவர் கையை விட்டால்? வேட்டி எதிர்மூலைப் பக்கம் இழுபடும். ஒரு குளோரின் போய் ஹைட்ரஜன் வந்தால் கிடைப்பது டிரைகுளோரோஎத்திலீன், கறை எடுக்கிறவர்கள் 'ட்ரைக்ளோர்' என்கிறார்களே, அது. குளோரின் ஒன்று குறைந்தும் அது முனைவுள்ளதாகிவிடுகிறது. இரண்டு பேர் விட்டால் கதை இன்னும் சுவாரசியம். மிஞ்சிய இருவரும் வேட்டியின் ஒரே நீளக் கரையில் நின்றால் துணி அவர்கள் பக்கம் போகும். எதிரெதிர் மூலைகளில் நின்றால் அங்கேயே நிற்கும். ஒருபக்க டைகுளோரோஎத்திலீனின் திருப்புத்திறன் சுமார் 1.9 டிபை, மாறுபக்க வடிவத்துக்குப் பூஜ்யம். அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அதே பிணைப்புகள். ஆள் நிற்கும் இடம் மட்டும்தான் வேறு. முதலாவது 60 டிகிரியில் கொதிக்கிறது, இரண்டாவது 48 டிகிரியில். நான் படித்த காலத்தில் இந்த ஒரு ஜோடியைக் காட்டியிருந்தால் ஒரு வருஷக் குழப்பம் மிச்சமாகியிருக்கும்.

டிபை என்ற அலகு பீட்டர் டிபையின் பெயர். முனைவுள்ள மூலக்கூறுகள் பற்றிய கருத்தை 1912-இல் முன்வைத்தவர். இருமுனைத் திருப்புத்திறனையும் எக்ஸ் கதிர், எலக்ட்ரான் சிதறலையும் வைத்து மூலக்கூறுகளின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 1936-இல் வேதியியல் நோபல் பெற்றார். மூலக்கூறைக் கண்ணால் பார்க்க முடியாத காலத்தில், திருப்புத்திறனை அளந்துதான் 'இது வளைந்திருக்கிறது, இது நேராக இருக்கிறது' என்று முடிவு கட்டினார்கள். கார்பன் டைஆக்சைடில் இரண்டு ஆக்சிஜனும் நேரெதிரே நிற்கின்றன, மொத்தம் பூஜ்யம். தண்ணீர் 104.5 டிகிரியில் வளைந்திருக்கிறது, 1.85 டிபை. தண்ணீரும் நேர்கோடாக இருந்திருந்தால் அதற்கும் பூஜ்யம்தான், இதை எழுதவும் படிக்கவும் நாம் இருந்திருக்க மாட்டோம்.

சி.டி.சி.க்கு வேட்டி போதாது, அது தட்டை இல்லை. ஒரு உருளைக்கிழங்கில் நாலு ஈர்க்குச்சியை, ஒன்றுக்கொன்று முடிந்தவரை விலகி நிற்கும்படி குத்துங்கள். அதுதான் நான்முகி, குச்சிகளுக்கு நடுவே 109.5 டிகிரி. நாலிலும் குளோரின் என்றால் பூஜ்யம். இனி ஒவ்வொன்றாக ஹைட்ரஜனுக்கு மாற்றுங்கள். குளோரோஃபார்ம் 1.04 டிபை, டைகுளோரோமீத்தேன் 1.60, மெத்தில் குளோரைடு சுமார் 1.9. நாலிலிருந்து ஒன்றாகக் குளோரின் குறையக் குறைய முனைவு ஏறிக்கொண்டே போகிறது. உங்கள் கணக்குப்படி இறங்கியிருக்க வேண்டும், இல்லையா?

அப்பா சொன்ன எண்ணெய் ஜாதி

பட்டு ஒரு புரதம். அதன் இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பதில் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீருக்கு அந்த இடங்களில் புகுந்து உட்காரத் தெரியும். புகுந்தால் இழை உப்பும், சாயம் கசியும், காய்ந்ததும் பழைய வாகுக்கு வராது. பெர்க்குக்கும் எம்.டி.ஓ.வுக்கும் அங்கே வேலையே இல்லை. எண்ணெயையும் கிரீஸையும் கரைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். உங்கள் அப்பா பாலிங்கைப் படித்தவரில்லை, ஆனால் 40 வருஷம் கையால் தொட்டுப் பார்த்தவர்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். எம்.டி.ஓ.வும் பெர்க்கும் முனைவற்றவை என்றாலும் வந்த வழி வேறு. எம்.டி.ஓ. முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும். கவர்தன்மை 2.55-க்கும் 2.20-க்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. இழுக்க ஆளே இல்லாத வேட்டி அது. பெர்க்கில் இழுப்பு உண்டு, சமமாகிவிட்டது. அதோடு குளோரினின் பெரிய எலக்ட்ரான் மேகம் எளிதில் நெளிந்து கொடுக்கும். அதனால் பெர்க்கின் கரைக்கும் திறன் ரொம்ப அதிகம்: கரைப்பான்களின் திறனை அளக்கும் கவுரி–பியூட்டனால் எண் எம்.டி.ஓ. வகைக்கு முப்பதுகளில் நிற்கும், பெர்க்குக்கு 90. எம்.டி.ஓ.வில் பத்து தடவை போட்டும் அசையாத பாலிஸ்டைரீன் மணியும் சம்கியும் பெர்க்கில் ஒரே சுற்றில் பிசினாகிவிடும். கல்யாணச் சோளி ஒன்று அப்படிப் போனால் மிஷினில் மிச்சம் பிடித்த காசும் அதோடு போய்விடும்.

இன்னொரு சின்னத் திருத்தம். 'முனைவற்றது லேசானது, சீக்கிரம் பறந்துவிடும்' என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பெர்க் கொதிப்பது 121 டிகிரியில், தண்ணீரையும் தாண்டி. முனைவற்ற சி.டி.சி. 77 டிகிரியில் கொதிக்கிறது, முனைவுள்ள குளோரோஃபார்ம் 61-இலேயே. பெரிய எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள முனைவு தேவையில்லை.

'உடம்பில் ஒட்டாது' என்ற பொய்

கடிதத்தில் என்னைக் கலங்கவைத்த வரி இதுதான். முனைவற்றது என்றால் தண்ணீரோடு ஒட்டாது என்று அர்த்தம், உடம்போடு ஒட்டாது என்று அல்ல. உடம்பு வெறும் தண்ணீர் இல்லை. தோலின் எண்ணெய், தோலடிக் கொழுப்பு, மூளை, நரம்பு, ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வு எல்லாம் அப்பா சொல்கிற எண்ணெய் ஜாதிதான். பட்டிலிருந்து கிரீஸை எடுக்கிற அதே குணத்தால்தான் பெர்க் மூச்சு வழியாக ரத்தத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் கொழுப்புக்கும் போகிறது. பெர்க் ஆவியில் நிற்பவர்களுக்குத் தலைவலியும் கிறுகிறுப்பும் வருவது அதனால்தான். எம்.டி.ஓ. ஆவியும் இதைச் செய்யும். கொழுப்பில் தங்கிய பெர்க் வெளியேற நாள்கணக்காகும். பெரும்பகுதி மாறாமல் மூச்சிலேயே திரும்பி வரும்.

மிச்சத்தைக் கல்லீரல் கவனிக்கிறது. முனைவற்ற பொருளைச் சிறுநீரில் தள்ள முடியாது. அதனால் அதை வெட்டி, ஒட்டி, முனைவுள்ளதாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். சி.டி.சி. கல்லீரலுக்குப் போனால் இந்த வேலையில்தான் விபரீதம் நடக்கிறது. நான்கில் ஒரு குளோரின் கழன்று, ஜோடியில்லாத எலக்ட்ரானோடு ஒரு துண்டு மிஞ்சுகிறது. அந்தத் துண்டு பக்கத்தில் இருக்கிற கொழுப்பையெல்லாம் கடித்துக்கொண்டே போகும். வெளியே அவ்வளவு சமச்சீராக, சாதுவாக இருந்த மூலக்கூறு உள்ளே போய்ச் சமச்சீர் குலைந்ததும் இப்படி. மது குடிப்பவர்களுக்கு இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் வெட்டும் அந்த நொதியை மது பெருக்கிவிடுகிறது. அண்ணனுக்கு அந்தப் பழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள்.

அந்த டின்

இன்றிலிருந்து தொடாதீர்கள். சி.டி.சி. ஒரு காலத்தில் உலகம் முழுக்க ட்ரை வாஷ் கடைகளிலும் தீயணைப்புக் கருவிகளிலும் இருந்தது, அதனால் தாத்தாமேல் தப்பில்லை. அதன் நச்சுக்காகக் கடைகள் கைவிட்டன. பிறகு ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் வந்தது. இந்தியா போன்ற நாடுகள் 2010 தொடக்கத்துக்குள் இப்படிப்பட்ட பயன்பாட்டை நிறுத்த வேண்டியிருந்தது. சாக்கடையில் ஊற்றாதீர்கள், வெயிலில் ஆவியாக விடாதீர்கள், காயலான் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். மூடியை இறுக்கி, பெயர் எழுதி ஒட்டி, மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அபாயக் கழிவாக ஒப்படைக்க வழி கேளுங்கள். பழைய டின் என்பதால் அடியில் துரு இருக்கும். தூக்குவதற்கு முன் கீழே ஒரு தட்டு வையுங்கள்.

பெட்ரோல் கேனையும் சேர்த்தே வெளியேற்றுங்கள். அது பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும். இஸ்திரிப் பெட்டி இருக்கும் கடையில் அதற்கு என்ன வேலை?

மிஷினை வாங்கலாமா?

என் அபிப்பிராயம்: வேண்டாம், அதுவும் பழையது வேண்டவே வேண்டாம். பெர்க்குக்கு ஒரு பெரிய நியாயம் உண்டு, அது தீப்பிடிக்காது. எம்.டி.ஓ. சுமார் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் ஆவியை விடும். சித்திரை மாதத்துக் கடைக்குள் அது தூரம் இல்லை. ஆனால் பழைய மிஷின்களில் ஒரு வகை, ஒரு தொட்டியில் துவைத்து, ஈரத்துணியைக் கையால் எடுத்து இன்னொன்றில் உலர்த்துவது. ஒவ்வொரு சுற்றிலும் அண்ணன் அந்த ஆவியில் குனிந்து நிற்க வேண்டும். துவைத்து உலர்த்தி முடிக்கும்வரை கதவே திறக்காத மூடிய வகை வேறு, அதன் விலையும் வேறு. பாதி விலைக்கு எது வருகிறது என்று ஊகிக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பெர்க்கை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024 டிசம்பரில், ட்ரை வாஷில் பெர்க்கைப் பத்தாண்டுகளில் படிப்படியாக நிறுத்தும் விதியை வெளியிட்டது. அந்தப் பக்கம் ஓரங்கட்டப்படும் மிஷின்கள் எங்கே வந்து சேரும் என்பது உங்களுக்கே தெரியும்.

அப்பா பிடிவாதமாக வாங்கினாலும் மூன்றை விட்டுக்கொடுக்காதீர்கள். கரைப்பானுக்கான பாதுகாப்புத் தரவு ஏட்டை எழுத்தில் கேளுங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள். பெர்க் ஆவி காற்றைவிட ஐந்து மடங்குக்கு மேல் கனமானது, சிந்தினால் தரையோரமும் பள்ளத்திலும் தேங்கும், அதனால் காற்றை இழுக்கும் விசிறி கீழே இருக்க வேண்டும். சாதாரண ரப்பர் கையுறையும் எண்ணெய் ஜாதிதான், பெர்க்கில் ஊறி உப்பிவிடும். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்கவே தடுக்காது.

எம்.டி.ஓ.விலேயே இருப்பது என்றால் தீயையும் காற்றோட்டத்தையும் கவனியுங்கள், காசு அங்கே போகட்டும். கோட்டிலும் பருத்தியிலும் ஒரு பகுதியை, கட்டுப்படுத்திய தண்ணீர்ச் சலவைக்கு மாற்றலாம். பட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

அண்ணனுக்கு

வார விடுமுறையில் தலைவலி குறைகிறதா, வேலைநாளில் திரும்புகிறதா என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். பிறகு மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும், அவர் கைபட்ட கரைப்பான்களின் பெயரையும் கொண்டுபோங்கள். 'துணிக்கடையில் வேலை' என்று மட்டும் சொன்னால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சி.டி.சி. தொட்டிருக்கிறார் என்று சொன்னால் கல்லீரல் பரிசோதனை எழுதுவார்கள். வாந்தி, கண் மஞ்சள், மயக்கம் இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே போக வேண்டும். இன்னொன்றையும் அப்பாவின் காதில் போடுங்கள்: தொழில்நோய்க்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்னும் நம் நாட்டுச் சட்டத்தின் பட்டியலில், குளோரின் போன்ற ஹாலஜன் சேர்ந்த ஹைட்ரோகார்பன்களால் வரும் நோய்களும் இருக்கின்றன. 15 வருஷம் உழைத்தவர் சட்டத்தைக் காட்டிக் கேட்கும் நிலைக்கு வரவிடாதீர்கள்.

இனி உங்கள் பின்குறிப்பு. கறையே இல்லாமல் வந்த பட்டுப்புடவை, துவைத்து இஸ்திரி போட்டதும் முந்தானையில் மஞ்சள் திட்டாகிவிட்டது, வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தார் என்கிறீர்கள். கறை வரும்போதே இருந்தது. பாயசமோ கூல் டிரிங்க்ஸோ சிந்தி, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் சர்க்கரையாக உட்கார்ந்திருந்தது. சர்க்கரை மூலக்கூறு முழுக்க ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள். தண்ணீரில் போகும், எம்.டி.ஓ. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இஸ்திரிச் சூட்டில் அது பழுப்பாகக் கருகியது, அவ்வளவுதான். அடுத்த முறை புடவையை வாங்கும்போதே, முந்தானையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, "இதில் ஏதாவது சிந்தியதா அக்கா?" என்று கேட்டு, சொல்கிற இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். சாயம் நிற்கிறதா என்று உள்தையலில் பார்த்துவிட்டு, எம்.டி.ஓ.வில் போடும் முன் அந்த வட்டத்துக்கு மட்டும் ஈரப்பஞ்சு.